செம்மண் சாலைக்கு ஒரு கார்

கோலசிலாங்கூருக்கு வடக்கிலும் கிழக்கிலும் விரிந்துகிடக்கும் தோட்டங்களில், ஒரே சாலை வெயிலுக்கு ஒரு முகமும் மழைக்கு ஒரு முகமும் காட்டும். வெயில் நாளில் செம்புழுதி எழுப்பிக்கொண்டு எந்த வண்டியும் அதில் ஓடிவிடும். ஒரு மாலை மழை கொட்டித் தீர்த்தால் போதும். எண்ணெய் தடவிய பலகைபோல் அது வழுக்கத் தொடங்கும். அடியில் இருப்பது கடலோரக் களிமண். அதன்மேல் கொட்டிப் பரப்பிய செம்மண் சரளையைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அழுத்தி, இரண்டு பள்ளத் தடங்களாக்கிவிடுகின்றன. தடங்களுக்கு நடுவே மேடு எழுகிறது. இருமருங்கிலும் ஆழமான வடிகால்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுந்து பெய்யும் மேற்குக் கரை இது. அம்மாதங்களில் அச்சாலையில் செல்வோர் சேற்றோடு போராடியே செல்ல வேண்டும்.

சாலைகள் இந்நிலை எய்தியதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. உருவாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில், பிரெஞ்சுக்காரர் ஒருவரின் முயற்சியால், ஆப்பிரிக்க மரமொன்று வேரூன்றியது வியப்புக்குரிய செய்தியன்றோ! ரப்பர்ப் பால் வாளியில் ஏறிச் சென்ற காலத்தில் சாலைக்கு அவ்வளவு பாரம் இல்லை. செம்பனையோ ஆண்டு முழுதும் காய்ப்பது. வெட்டிய குலை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலையை அடையாவிடில் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே மழையென்று லோரி நிற்பதில்லை. ஈரச் சாலையில் ஓடும் அந்தப் பாரமே தடங்களை ஆழமாக்குகிறது.

இத்தகைய தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளிக்கு, 2022ஆம் ஆண்டில், முப்பது வயது ஆசிரியர் ஒருவர் மாற்றலாகி வந்தார். அவர் பிறந்ததும் அத்தோட்டத்திலேதான். பெற்றோர் அங்கேயே இருந்தனர். தார்ச்சாலையிலிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் செம்மண் வழியே செல்ல வேண்டும். சில மாதங்கள் மோட்டார் சைக்கிளில் ஓட்டினார். மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கொண்டுபோயும் அவை நனைந்த ஒரு நாளில், பழைய கார் ஒன்று வாங்குவதென முடிவு செய்தார். கையில் சேர்ந்திருந்தது 18,000 வெள்ளி.

தோட்டத்தில் கார் என்பது நெடுங்காலம் பதவியின் அடையாளமாகவே இருந்தது. துரைக்கு ஒரு கார். பெரிய கிராணிக்கு ஒன்று இருந்தாலும் இருக்கும். ஏனையோர்க்குச் சைக்கிள், பின்னாளில் மோட்டார் சைக்கிள். 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்து, பிறகு அவையே பழைய கார்களாகக் கைமாறத் தொடங்கிய பின்னர்தான் தொழிலாளர் வீட்டு வாசலிலும் கார் நின்றது. எனினும் காரைக் கண்டால் பதவியை நினைக்கும் பழக்கம் எளிதில் போய்விடுமா? ஆசிரியரின் மனத்திலும் அது இருந்தது. பள்ளி வளாகத்துள் நுழையும்போது பார்ப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதில் குற்றம் காண்பதற்கில்லை.

கிள்ளானில் ஒரு கடையில் அப்படியொரு கார் நின்றது. கறுப்பு நிறம், பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றி நாடாப்போல் மெல்லிய டயர். உடன் சென்றிருந்த தந்தையார், தோட்டத்தில் பல்லாண்டு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை; குந்தியமர்ந்து, தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் இடையே கையை விரித்து அளந்தார். "ஒரு சாண்கூட இல்லை, தம்பி. நடுமேடு இதன் வயிற்றைக் கிழிச்சிடும்" என்றார். கடைக்காரர் சிரித்தார். ஆசிரியருக்கோ முகம் சுண்டியது. மெல்லிய டயர் பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க அதில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை என்று தந்தையார் திரும்பும் வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தது அவருக்கு அப்போது பிடிக்கவில்லை.

இரண்டாவது கார் இன்னும் அழகியது. விலையும் வியக்கத்தக்க வகையில் குறைவு. அக்குறைவே தந்தையாருக்கு ஐயத்தை எழுப்பியது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. எண்ணற்ற கார்கள் மூழ்கின. அவற்றுள் சில கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தால், மேற்பார்வைக்கு எப்படித் தெரியும்? தந்தையார் பின்னிருக்கையின் பாதுகாப்பு வாரை முழுவதுமாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழம் பழுப்பேறியிருந்தது. மாற்று டயர் வைக்கும் குழியில் விரலை விட்டபோது நகக்கண்ணில் மென்மையான வண்டல் வந்தது. இருக்கையை இறுக்கும் திருகுகளில் துரு. காரைக் கழுவுவோர் கம்பளத்தை மாற்றுவர். வாரின் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. இம்முறை ஆசிரியர் முகம் சுண்டவில்லை.

பனி பொழியும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே குளிரில் இறுகாத மென்மையான ரப்பரால் செய்த டயர்களைப் பூட்டுவர். பனியுருகச் சாலையில் தூவும் உப்பு காரின் அடியை அரித்துவிடுவதால், பழைய கார் வாங்குவோர் முதலில் அடியைத்தான் பார்ப்பர். நமக்குப் பனியில்லை. ஆனால், ஜெராம் முதல் தஞ்சோங் காராங் வரை வீசும் கடற்காற்றில் உப்பு உண்டு. சக்கர மறைவில் ஒட்டிக் காயாமல் கிடக்கும் சேறு உண்டு. புக்கிட் ரோத்தான் பக்கத்தில் கண்ட ஒரு பழைய சாகா அப்படித்தான் இருந்தது. இயந்திரமோ இன்னும் பத்தாண்டு ஓடும்; தரைத்தகட்டைத் தட்டினால் துருத் தூள் கொட்டியது. மனமின்றி விட்டு வந்தார்கள். இயந்திரத்தின் எடை முன்சக்கரங்களின்மேல் அமர்ந்து, அச்சக்கரங்களே வண்டியை இழுக்கும் அமைப்பு சேற்றுக்கு ஏற்றது. கஞ்சிலும் அவ்வாறே ஆயினும், அதன் 12 அங்குலச் சக்கரம் லோரித் தடத்தில் இறங்கினால் ஏறுவது கடினம்.

இறுதியில், தஞ்சோங் காராங்கில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் 2009ஆம் ஆண்டு மைவி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. 1.3 லிட்டர், கையால் கியர் மாற்றுவது. மின்கலம் செத்தாலும் தள்ளி ஓட்டலாம். (தள்ளுவதற்கு ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இன்று பல வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன.) இயந்திரத்துக்குள் வார்ப்பட்டைக்கு மாறாகச் சங்கிலி சுழல்வதால் பட்டை மாற்றும் செலவில்லை. எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். நிறம் மட்டும் மங்கிப்போயிருந்தது.

தந்தையார் அதை மழைக்குப் பின்னர் தோட்டச் சாலையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நால்வர் ஏறி ஓட்ட வேண்டும் என்றார். இரண்டாம் கியரில் சீராகச் சென்றது. ஆசிரியர் பணம் பேசத் தயாரானார். அப்போது தந்தையார் பின்கதவுகளைத் திறந்து, மீண்டும் மூடி, மீண்டும் திறந்தார். பின்னிருக்கையை மடித்தார். பிறகு, அறுபத்தைந்து வயது மனிதர், யாரும் எதிர்பாராத வகையில் காருக்குள் ஏறிக் கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டார். "படுக்க இடம் இருக்கு" என்று உள்ளிருந்தே சொன்னார். விற்பவர் முன்னே இது என்ன விளையாட்டு என்று ஆசிரியர் கூசினார்; அன்றிரவு வீட்டில் அதைச் சொல்லிக் குறைப்பட்டும் கொண்டார்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அடுப்படியிலிருந்தபடியே சொன்னார். ஆசிரியர் பிறப்பதற்கு முன்பு, 1986 நவம்பரில், அக்காள் ஒருத்தி இருந்தாள், மூன்று வயது. காய்ச்சல் கண்டு வலிப்பு வந்த இரவில் தோட்டத்தில் இருந்த வண்டி தந்தையார் ஓட்டிய லோரி ஒன்றே. தார்ச்சாலையை அடைய இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அது அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார். சாலையில் வந்த ஒரு கார் ஏற்றிக்கொண்டது. மருத்துவமனையை அடைந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அதன் பிறகு முப்பத்தாறு ஆண்டுகளாக அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அக்காளின் பெயர் அந்த வீட்டில் சொல்லப்படுவதும் இல்லை.

மறுநாள் ஆசிரியர் விலை பேசாமலே கேட்ட தொகைக்கு ஒப்புக்கொண்டார். உரிமை மாற்றத்துக்கான பரிசோதனை முடிந்தது. மீதமிருந்த பணத்தில் நான்கு புதிய டயர்கள் வாங்கினார். டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். கடையில் அதை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தவர் தந்தையார் அல்லர், மகன். சட்டம் டயர் வரிப்பள்ளத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போதும் என்கிறது. களிமண் அவ்வளவில் விட்டுவிடுவதில்லை.

அன்று மாலையே மழை பிடித்தது. கார் இருமுறை வழுக்கி, தடத்தில் நின்று, வீடு வந்து சேர்ந்தது. முன்விளக்கு வெளிச்சத்தில் தந்தையார் குடையுடன் நின்றிருந்தார். ஆசிரியர் இறங்கப்போனார்.

"இறங்காதே, தம்பி. திருப்பிப் போடு. முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும்."

சேற்றில் முன்னும் பின்னுமாக நான்கு முறை நகர்த்தி, காரைத் திருப்பி நிறுத்தினார். உள்ளே வந்து, சாவியைத் தம் அறைக்குக் கொண்டுபோகாமல், வாசற்கதவின் அருகிலிருந்த ஆணியில் மாட்டினார்.