வழியில் கிடந்த முள்கிளை



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் வகுப்பில் பயிலும் என் மகன் பள்ளியிலிருந்து ஓர் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தான். சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான குருளையர் அணியில் சேர்வதற்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். அந்தத் தாள் என் மேசையில் ஒன்பது நாள்கள் கிடந்தது. "அத்தா, எல்லாரும் குடுத்துட்டாங்க" என்று அவன் தினமும் நினைவூட்டினான். "பார்க்கலாம்" என்று நானும் தினமும் சொன்னேன்.

என் தயக்கத்திற்குக் காரணங்கள் இருந்தன. கடத்தூர் சிறிய ஊர். மக்தபில் பாடம் நடத்துபவரின் பிள்ளை எங்கே போகிறான், எதில் சேர்கிறான் என்பதை மஹல்லாவில் அனைவரும் கவனிப்பார்கள். சாரணர்கள் உறுதிமொழி எடுப்பார்கள், இறைவணக்கப் பாடல் பாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூட்டம் நடப்பதோ சனிக்கிழமைக் காலை. அது எங்கள் மக்தபின் குர்ஆன் வகுப்பு நேரம்.

விசாரிக்காமல் மறுப்பது நியாயமன்று என்று என் துணைவியார் சொன்ன பிறகே, இந்த இயக்கத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். பேடன் பவல் என்ற ஆங்கிலேய படைத்தளபதி 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்காக நடத்திய முகாமே இதன் தொடக்கம். அண்ணன்மாரைப் பார்த்துத் தாமும் சேர வேண்டும் என்று தம்பிமார் விரும்பியதால், 1916இல் குருளையர் பிரிவு உருவானது. நம் நாட்டில் தொடக்கத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு இதில் இடம் மறுக்கப்பட்டிருந்தது. அதே 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் கண்டார். விடுதலைக்குப் பின் பல பிரிவுகள் ஒன்றிணைந்து, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. அதில் 5 முதல் 10 வயது வரையிலான ஆண் பிள்ளைகள் குருளையர், பெண் பிள்ளைகள் நீலப்பறவையர்.

முஸ்லிம்களுக்கு இது புதிதுமன்று. உலகில் மிக அதிகமான சாரணர்களைக் கொண்ட நாடு இந்தோனேசியா. அல்ஜீரியாவில் முஸ்லிம் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த முஹம்மது பூராஸ், பிரெஞ்சு ஆட்சியினரால் 1941 மே 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாளை அந்நாட்டுச் சாரணர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அடுத்து உறுதிமொழியை ஆராய்ந்தேன். அல்லாஹ் அல்லாத எதன் மீதும் சத்தியம் செய்வதை நம் மார்க்கம் தடுத்துள்ளது. பெரிய சாரணர்களின் உறுதிமொழியில் தன் மதிப்பின் பேரில் வாக்களிப்பதாக ஒரு தொடர் வருகிறது. குருளையரின் உறுதிமொழியில் அது இல்லை. இறைவனுக்கும் நாட்டிற்கும் ஆற்ற வேண்டிய கடமையை இயன்றவரை செய்வேன், குருளையர் விதியைப் பேணுவேன், நாள்தோறும் ஒரு நற்செயல் புரிவேன் என்பதே அதன் கருத்து. இதில் மறுக்க வேண்டியது எதையும் நான் காணவில்லை.

மனத்தில் எஞ்சியிருந்த ஐயத்தை நீக்கியது ஹில்ஃபுல் ஃபுளூல் நிகழ்வு. நபித்துவத்திற்கு முன், மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் குறைஷிகள் கூடி, அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். இளைஞராக அதில் பங்கேற்ற நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்ற கருத்தில் கூறினார்கள். நன்மைக்காகப் பிறருடன் சேர்ந்து வாக்களிப்பது நமக்கு அந்நியமானதன்று.

பள்ளிக்குச் சென்று பொறுப்பாசிரியரைச் சந்தித்தேன். பாடல் வேளையில் என் மகன் அமைதியாக நிற்பான், மனத்திற்குள் தன் துஆவை ஓதிக்கொள்வான் என்றேன். "அதுல என்னங்க இருக்கு ஹஜ்ரத்" என்று உடனே ஏற்றுக்கொண்டார். முகாமில் தொழுகைக்கு இடமும் நேரமும் ஒதுக்குவதாகவும், உணவு சைவமாகவே இருக்கும் என்றும் சொன்னார். நான் ஒன்பது நாள்கள் சுமந்திருந்த கவலைக்கு அரைமணி நேர உரையாடலே போதுமானதாக இருந்தது.

வகுப்பு நேரம்தான் கடினமாக இருந்தது. என் மகனுக்கு மட்டும் சனிக்கிழமை விலக்கு அளித்தால் அது அநீதி. ஆகவே பள்ளிக் குழுக்களில் சேரும் எந்தப் பிள்ளையும் அன்றைய பாடத்தை மஃக்ரிபுக்குப் பின் ஓதலாம் என்று நிர்வாகத்தின் ஒப்புதலுடன் அறிவித்தேன். ஒரு பெரியவர், "ஹஜ்ரத்தே வழி திறந்துவிட்டால் பிள்ளைகள் ஓதுவதை விட்டுவிடுவார்கள்" என்று வருந்தினார். அவருடைய அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. வாரந்தோறும் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறேன். இதுவரை எந்தப் பிள்ளையும் பாடத்தைத் தவறவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நான் எழுத வந்தது இதற்குப் பின் நடந்த ஒன்றைப் பற்றி.

ஒரு சந்தை நாள். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று மகனுடன் விரைந்து நடந்தேன். வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. விறகு வண்டியிலிருந்து விழுந்ததோ என்னவோ, சீமைக்கருவேலங்கிளை ஒன்று பாதையில் கிடந்தது. நான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சுற்றிப் போனேன். சில அடிகள் சென்ற பின்பே மகன் உடன் வரவில்லை என்று உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், அவன் முள் இல்லாத நுனியைப் பிடித்து அந்தக் கிளையை வேலியோரம் இழுத்துக்கொண்டிருந்தான். ஓடிவந்து, "இன்னைக்கு நற்செயல் முடிஞ்சது அத்தா" என்றான்.

பாதையில் கிடந்த முள்கிளையை அகற்றிய ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பல ஆண்டுகளாக அதை நான் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறேன். அறிவிப்பாளர் பெயர் உட்பட ஒப்புவிப்பார்கள். என் மகனும் ஒப்புவித்தவன்தான். ஆனால் அன்று முள்கிளையைச் சுற்றிப் போனவன் நான். தொழுகையில் நின்றபோது வெட்கமாக இருந்தது.

நம் மார்க்கத்தில் இல்லாத எதையும் அந்த அணி அவனுக்குக் கற்றுத்தரவில்லை. "இன்று என்ன செய்தாய்?" என்று நாள்தோறும் கேட்டது, அவ்வளவுதான். நான் "மனனமாகிவிட்டதா?" என்று மட்டுமே கேட்டு வந்தேன். இப்போது எங்கள் மக்தபில் பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் முந்தைய நாள் செய்த ஒரு நற்செயலைச் சொல்கிறது. ஒருத்தி பாட்டியின் கண்ணாடியைத் தேடிக் கொடுத்திருப்பாள். ஒருவன் அண்டை வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருப்பான். என் முறை வரும்போது நானும் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகள் விதித்த நிபந்தனை.

பெற்றோர்களே, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளை எதிலும் சேர்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுக்கவும் வேண்டாம். நேரில் சென்று கேளுங்கள். தொழுகை, உணவு, வணக்கப் பாடல் ஆகியவை பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். விழாக்களுக்கு அழைத்தால் செல்லுங்கள். நாம் உடன் நின்றால்தான் பிள்ளை தன் மார்க்கத்தை மறைக்காமல் நிற்கும்.

ஐந்து வயது நிறைந்த என் மகள் இப்போது நீலப்பறவையர் அணிக்கான படிவத்துடன் நிற்கிறாள். அபூ உமைர் என்ற சிறுவரின் குருவி இறந்தபோது, அவரிடம் அன்புடன் அதைப் பற்றி விசாரித்த நபியின் உம்மத் நாம். இம்முறை அன்றைக்கே கையொப்பமிட்டேன்.

நாம் கற்றவற்றை நம் கைகளாலும் செய்யும் பாக்கியத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.