கண்ணில் படாத உறுப்பு

மாட்டுச் சந்தைக்குச் செல்கிறவர்களில் இரு வகையினர் உண்டு. கொம்பில் பூசிய வர்ணத்தையும் கழுத்தில் கட்டிய சலங்கையையும் கண்டு விலை பேசுகிறவர் ஒரு வகையினர். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்த பின்னரே மடியிலுள்ள பணத்தைத் தொடுகிறவர் மற்றொரு வகையினர். நம் தந்தையார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். நாமோ, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், நெடுங்காலம் முதல் வகையிலேயே இருந்தோம். இதை நாம் முழுதும் உணர்ந்தது சந்தையிலன்று. சென்னை ரிட்சி தெருவில், பிள்ளைகளுக்குக் கணினி வாங்கச் சென்ற ஒரு நாளில்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது. மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, விஸ்காம் என்று சுருக்கமாக வழங்கும் படிப்பில் சேர்ந்திருந்தாள். கைப்பேசியில் எடுத்த காட்சிகளை வெட்டியும் ஒட்டியும் கோவைப்படுத்தும் எடிட்டிங் வேலையில் அவளுக்கு மிகுந்த நாட்டம். இளையவன் எட்டாம் வகுப்பு. அவனுடைய நாட்டமெல்லாம் கணினி விளையாட்டில். இருவருக்கும் பொதுவாக ஒரு கணினி வாங்குவதென்று முடிவாயிற்று. பணம்? நம் இல்லத்தரசி மாதந்தோறும் கட்டிவந்த சீட்டு அவ்வேளையில் முடிந்து, 45,000 ரூபாய் கைக்கு வந்தது. கொல்லைப்புறச் சுவரை எடுத்துக் கட்டுவதற்கென்று அவர் எண்ணியிருந்த தொகை அது. "சுவர் இன்னும் ஓராண்டு நிற்கும், பிள்ளைகளின் படிப்பு நிற்காது" என்று சொல்லி நம் கையில் தந்தார். அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாதே என்ற அச்சம் அன்றே நம்மைப் பிடித்துக்கொண்டது.

மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று முதலில் நினைத்தோம். மகள்தான் மறுத்தாள். அதே விலைக்குக் கிட்டும் மடிக்கணினியைவிட, உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்துப் பூட்டும் மேசைக் கணினி கூடுதலாக உழைக்கும் என்றாள். நாளை கையில் காசு வரும்போது ஓர் உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழுது நேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த உறுப்போடு போகும். நியாயமாகவே பட்டது.

ஆனால் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்பதில் வீட்டில் போர் மூண்டது. இளையவன் எழுதிய பட்டியலில் தொகையின் பெரும்பகுதியைக் கிராபிக்ஸ் கார்டே விழுங்கியிருந்தது. மூத்தவளின் பட்டியலிலோ ரேமும், விரைந்து இயங்கும் எஸ்எஸ்டியும் முதலிடம் பெற்றிருந்தன. நாம் நடுவராக அமர்ந்து, "விளையாட்டுக்கென்று இந்தப் பணத்தில் ஒரு காசும் கிடையாது" என்று தீர்ப்பு வழங்கினோம். சிறுவன் முகம் கோணி எழுந்து போனான். மகள் மெல்லச் சொன்னாள்: "அத்தா, எடிட்டிங்கிற்கு வேண்டியதும் விளையாட்டுக்கு வேண்டியதும் பாதிக்கு மேல் ஒன்றுதான். அவனை ஏன் விலக்குகிறீர்கள்?" நமக்கு விடை தோன்றவில்லை. மறுநாள் மூவரும் சேர்ந்தே புறப்பட்டோம்.

அண்ணா சாலையிலிருந்து பிரிந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நுழைந்தால், ரிட்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் பின்னிக் கிடக்கின்றன. மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் திரைப்பட விநியோகஸ்தர்களின் அலுவலகங்களால் பெயர்பெற்றது. படச்சுருள் பெட்டிகள் ஏறி இறங்கிய அந்த வட்டாரத்திலேயே, இன்று உள்ளங்கை அகலச் சில்லுகளில் படங்களை வெட்டி ஒட்டும் கருவிகள் விலைபோகின்றன. காலத்தின் கோலத்தை வியந்துகொண்டே முதல் கடையில் ஏறினோம்.

கண்ணைப் பறிக்கும் கடை! கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட்டுகளில் விசிறிகள் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றன. இளையவன் அங்கேயே சிலையாக நின்றுவிட்டான். உண்மையைச் சொன்னால் நாமும் நின்றோம். 45,000 என்றதும் கடைக்காரர் நொடியில் கொட்டேஷன் எழுதி நீட்டினார். இன்டெல் ஐ3 12100எஃப் பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒற்றைப் பட்டை, கையாண்ட கிராபிக்ஸ் கார்டு ஒன்று, ஒளிரும் கேபினெட், 450 வாட் என்று எழுதிய பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், பெரிய மானிட்டர். சொன்ன தொகைக்குள் அழகாக அடங்கியது. தலையசைக்கவே இருந்தோம்.

மகள் நம் சட்டைக் கையைப் பற்றினாள். "அத்தா, பிராசஸரின் பெயர் முடிவில் எஃப் என்று இருக்கிறது, பாருங்கள். அந்த எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு கெட்டுவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது." கார்டுக்கு வாரண்டி உண்டா என்று கேட்டோம். இல்லை, பில்லும் இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொள்ளும் வரை, அதைத் தோண்டி எடுப்பதற்கென்று எண்ணற்ற கார்டுகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. அவ்வேலை ஓய்ந்ததும் அவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எது எவ்வளவு உழைத்துக் களைத்தது என்று வாங்குகிறவன் எங்ஙனம் அறிவான்? மாட்டுக்காவது பல் உண்டு.

நம் பார்வை அப்போது அந்த எஸ்எம்பிஎஸ் மீது விழுந்தது. எடுத்துப் பார்த்தோம், காலிப் பெட்டியைப் போல எடையற்றிருந்தது. கை சற்று நடுங்கிற்று. அதன் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

நம் தந்தையார் 2014இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவரைத் திண்ணையில் அமர்த்தி, சந்தைக் கதைகளையும் ஊர்ப் பழங்கதைகளையும் சொல்லச் சொல்லி, சிறு வீடியோ கேமராவில் பதிந்து வைத்திருந்தோம். எல்லாம் வீட்டிலிருந்த பழைய கணினியின் ஹார்டு டிஸ்கில் கிடந்தன. அக்கணினியும் இவ்வாறு விலை குறைத்துப் பூட்டியதுதான். 2016இன் ஒரு மழை நாளில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. படீரென்று ஓசை, கருகிய நாற்றம். எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் உடன் கொண்டு போயிற்று. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். தந்தையாரின் குரல் அன்று இரண்டாம் முறையாக நம்மை விட்டு நீங்கிற்று. மலிவுப் பொருளின்மீது மட்டும் பழியைப் போடுவது முறையன்று. ஒரே படியாக வைத்துக்கொண்டு, மற்றொரு படி எடுக்காமல் சோம்பியிருந்த குற்றம் நம்முடையது.

கொட்டேஷனை மடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

அடுத்த தெருவின் மாடியில் ஒரு சிறு கடை. ஒளியில்லை, மினுக்கில்லை. அங்கிருந்த இளைஞர் தொகையைக் கேட்கவில்லை, "என்ன வேலைக்கு, பாய்? வீடியோ எதில் எடுப்பது? என்ன கேம்?" என்று கேட்டார். மகளும் மகனும் மாறி மாறி விடை சொன்னார்கள். சிறிது எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பணத்துக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வராது, மற்றதும் அரைகுறையாகிவிடும். கார்டை இரண்டு வருடம் கழித்து வாங்குங்கள். இப்போது அதற்கு இடம் வைத்துவிட்டு, அடித்தளத்தைச் சரியாகப் போடுவோம்."

அவர் தெரிந்தெடுத்தது ரைசன் 5 5600ஜி என்னும் பிராசஸர். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதற்குள்ளேயே ஓரளவு வலுவான கிராபிக்ஸ் அமைந்திருக்கிறது. 2022இல் ஏஎம்5 என்ற புதிய பொருத்துமுறை வந்துவிட்டபோதிலும், அதற்கு டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும். போர்டும் விலை கூடுதல். நம் விரலுக்கேற்ற வீக்கம் பழைய ஏஎம்4தான் என்றார். ரேம் 16 ஜிபியை ஒற்றைப் பட்டையாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போடச் சொன்னார். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. ரேமிலிருந்தே பங்கு பெறுகிறது. இரு பட்டைகள் இருந்தால் இரு வாய்க்கால்களில் நீர் பாய்வதுபோல் தரவு பாயும். விளையாட்டின் வேகம் அதனாலேயே கண்கூடாக உயரும். இதைக் கேட்டதும் இளையவனின் முகம் மலர்ந்தது.

பின்னர் நாம் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்து நம் கையில் வைத்தார். செங்கல்லைப் போல் கனத்தது. "தம்பி, இன்று இந்தக் கணினிக்கு 150 வாட்கூட ஆகாதென்கிறீர், பிறகு ஏன் இத்தனை?" என்று வினவினோம். "நாளைக்கு வரும் கார்டுக்கு. அதோடு, இதன் மேல் 80 பிளஸ் பிரான்ஸ் என்று போட்டிருக்கிறதே, அது மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான முத்திரை. உறுதிக்கு முத்திரை இல்லை, பாய். அதற்கு வாரண்டியைப் பாருங்கள். இதற்கு ஐந்து வருடம்" என்றார். குளம்பைப் பார்க்கத் தெரிந்த மனிதர்!

கணக்கைப் போட்டோம். பிராசஸர் 11,000, மதர்போர்டு 7,500, ரேம் 3,500, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 2,800, எஸ்எம்பிஎஸ் 4,000, ஒளியில்லாத, காற்றோட்டமுள்ள கேபினெட் 2,200, மானிட்டர் 7,000, கீபோர்டும் மவுஸும் 1,000. ஆக 39,000. மின்சாரம் போனால் வேலையைச் சேமித்து மூடுவதற்கு 600 விஏ யுபிஎஸ் 2,800. மீதி 3,200. நமக்கு ஒரே ஓர் ஆசைதான் எஞ்சியிருந்தது: படியெடுத்துத் தனியே வைக்க ஒரு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க். அதன் விலை 4,000. எண்ணூறு குறைந்தது.

"பரவாயில்லை, அடுத்த மாதம் பார்ப்போம்" என்றோம். முன்பும் இதே சொல்லைத்தான் பலமுறை சொல்லியிருந்தோம் என்பது நினைவில் குத்திற்று. அப்போது இளையவன் தன் கால்சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தான். நோன்புப் பெருநாளுக்கு உறவினர் தந்த காசு. விளையாட்டுக்கென்று ஹெட்போன் வாங்கச் சேர்த்து வைத்திருந்தது. "தாத்தா வீடியோ போனது மாதிரி அக்கா எடிட் பண்ணுவதும் போய்விடக் கூடாது இல்லையா, அத்தா?" என்றான். ஒரு காசும் கிடையாது என்று நாம் தீர்ப்பளித்த பிள்ளை அவன். என்ன சொல்ல இயலும்? தலையைத் தடவிக் கொடுத்தோம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி காட்டிய பில்லையும், ஒவ்வோர் உறுப்பின் பெட்டியையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அக்கணினி எதையும் தங்குதடையின்றிச் செய்தது என்று மிகைபடச் சொல்லமாட்டோம். வேலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை நன்றாக ஓடின. புதிய, கனத்த விளையாட்டுகள் திணறின. விலையின்றிக் கிட்டும் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில், 4கே காட்சிகளை நேரே கையாள முடியவில்லை. மகள் அவற்றுக்குத் தரம் குறைத்த ப்ராக்ஸி படிகளை உண்டாக்கி, அவற்றை வெட்டிக் கோத்து, முடிவில் மூலக் காட்சியைக் கொண்டே படத்தை வெளியெடுத்தாள். பொறுமை வேண்டிய வேலை; ஆனால் முடிந்த வேலை. 2025இல் திருமண வீடியோக்களை எடிட் செய்து ஈட்டிய தன் சொந்தப் பணத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினாள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தக் கனத்த எஸ்எம்பிஎஸ் அதனையும் தாங்கிக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில், செயற்கை அறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் ரேமின் விலை உலகெங்கும் ஏறியபோது, இரு பட்டைகளையும் முன்பே வாங்கிவிட்டதன் அருமையும் தெரிந்தது. கொல்லைப்புறச் சுவரும், சொன்ன சொல்லுக்கு மேலாகவே நின்று, பின்னர் எழும்பிற்று.

இனி ஒன்று. நாம் ஊர் திரும்பிய வாரத்தில், சிங்கப்பூரிலிருக்கும் நம் தமக்கையார் மகனிடமிருந்து ஒரு வீடியோத் துண்டு வந்தது. தந்தையாரைப் பதிந்த நாட்களில் நாம் அவனுக்கு அனுப்பியிருந்ததாம்; அவன் அழிக்கவில்லை; நாம் மறந்துவிட்டோம். மூன்று நிமிடம்தான். புதிய கணினியில் மகள் செய்த முதல் வேலை அதுவே. இரைச்சலைக் குறைத்தாள், ஒளியைச் சரிசெய்தாள். தொடக்கத்தில் தந்தையார் கேமராவை ஐயத்துடன் உற்று நோக்கி, "படம் பிடிக்குதா, இல்லையா?" என்று கேட்கிறார். கதைக்கு வேண்டாத பகுதியென்று மகள் அதை வெட்டப் போனாள். "வெட்டாதே அக்கா, அதுதான் தாத்தா" என்றான் இளையவன். வெட்டவில்லை.

இன்று அம்மூன்று நிமிடத்துக்கு மூன்று படிகள் இருக்கின்றன. ஒன்று கணினியில், ஒன்று பெருநாள் காசு சேர்ந்து வாங்கிய அந்த டிஸ்கில், ஒன்று சிங்கப்பூரில். முதன்முதலாகக் கணினி பூட்டப் போகும் குடும்பத்தாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள், கண்ணில் படாத உறுப்பைக் கையில் தூக்கிப் பாருங்கள், படியெடுத்து வைப்பதற்கான தொகையை மீதத்தில் தேடாமல் முதலிலேயே ஒதுக்குங்கள். நமக்கு அதை ஒதுக்கத் தோன்றவில்லை. தோன்றியது பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு.