எடைக்கல்லும் இடையளவும்

பிழைப்பை நாடி வெளியூர் வந்த தமிழர் எவரும் சொந்த ஊருக்குச் செல்லும்போது கேட்கும் முதற்சொல் ஒன்றுண்டு. பெட்டியைத் திண்ணையில் வைக்குமுன்னரே, "ஏனப்பா இப்படி இளைத்துப் போய்விட்டாய்?" என்று அத்தையோ பெரியம்மாவோ கேட்டுவிடுவார்கள். சற்றே பூசினாற்போல் சென்றாலோ, "பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது" என்று மகிழ்வார்கள். உடம்பு வைத்தவன் வாழ்கிறான், இளைத்தவன் வாடுகிறான் என்பது பசியை நேரில் கண்ட தலைமுறையின் கணக்கு. அதனை நான் குறைகூறேன். அந்தக் கணக்குக்கு அகப்படாத மனிதர் ஒருவர் எங்கள் இல்லத்திலேயே இருக்கிறார் என்பதுதான் என்னை இதுபற்றிச் சிந்திக்க வைத்தது.

அவர் என் தந்தையார். 1974ஆம் ஆண்டு கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தவர். உயரம் 165 சென்டிமீட்டர். மெலிந்த கை, மெலிந்த கால். அந்நாளில் ரயில் நிலைய நடைமேடைகளில் வண்ண விளக்குகள் சுழலும் எடைப்பொறிகள் நின்றிருந்தன. காசு போட்டால் கெட்டி அட்டை ஒன்று வந்து விழும். அதில் எடையும் இருக்கும், ஆரூடமும் இருக்கும். தந்தையாரின் அட்டைகள் ஆண்டுக்காண்டு 58, 60, மீண்டும் 59 என்றே சொல்லின. (ஆரூடம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது.) அத்தகையவருக்கு 2000ஆம் ஆண்டில், 51ஆம் வயதில், நீரிழிவு என்று மருத்துவர் கூறியபோது உறவினர் எவரும் நம்பவில்லை. "ஊசிபோல் இருக்கிறவருக்குச் சர்க்கரை எங்கிருந்து வரும்?" என்றே எல்லோரும் கேட்டனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான் உடல் நிறைக் குறியெண்ணின் வரலாறு எனக்குத் தெரிய வந்தது.

பி.எம்.ஐ. என்று மருத்துவர்கள் சொல்லும் இவ்வெண்ணைக் காண்பது எளிது. மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்குக. வந்ததைக் கொண்டு கிலோகிராமில் உள்ள எடையை வகுக்க. இதன் மூலவர் மருத்துவர் அல்லர் என்பது வியப்பு. பெல்ஜிய நாட்டு வானியலறிஞரான அடால்ஃப் கெட்லே, சராசரி மனிதன் எத்தகையவன் என்று ஆராயப் புகுந்து, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது என்று 1830களில் கண்டார். யார் பருமன், யார் நோயாளி என்று பிரிப்பது அவர் நோக்கமன்று. 1972இல் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் பல நாட்டு ஆண்களை அளந்து, இவ்வகை அளவைகளுள் இதுவே ஏற்றது எனக் கூறி, இன்று வழங்கும் பெயரையும் சூட்டினார். அளக்கப்பட்டவர் அனைவரும் ஆண்கள். இந்தியர் அவர்களுள் இல்லை. 18.5க்கும் 25க்கும் இடையே இருப்பவர் நலமுடையவர் என்ற வரம்பு பின்னர் உலகெங்கும் பரவியது. என் தந்தையாரின் எண் 22. அந்த அட்டவணைப்படி அவர் தேர்ச்சி பெற்றவரே!

விடை கிடைத்த இடம் வெகுதொலைவில் இல்லை. தாதரில் ரயிலேறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் புனே நகரம்தான் அது. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யட்கினுடன் தாம் நிற்கும் படமொன்றை 2004இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இருவருக்கும் குறியெண் 22.3. ஆயினும் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! ஒரே எண்ணுக்குள் இருவேறு உடம்புகள். இதன் வேர் கருப்பையிலேயே இருக்கிறது என்பதையும் அவர் குழுவினர் காட்டினர். புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. கொழுப்போ அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. அக்கொழுப்பும் வயிற்றுள் உறுப்புகளைச் சூழ்ந்து தங்கும்போது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. படிக்கப் படிக்க என் தந்தையாரையே யாரோ எழுதியிருப்பதுபோல் தோன்றியது.

ஆகவே நமக்கு வரம்பைத் தாழ்த்தினார்கள். ஆசிய மக்கள் 23இலேயே விழிப்படைதல் வேண்டும் என 2004இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 முதல் மிகை எடை என்றும், 25 முதல் பருமன் என்றும் வகுத்தனர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 50 கிலோவிலிருந்து 62 கிலோ வரை இருக்கலாம். 68ஐத் தாண்டினால் பருமன். 152 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்மணிக்கு 43 முதல் 53 வரை. இக்கணக்கு வளர்ந்தோர்க்கே உரியது. பிள்ளைகளுக்கு வயதையொட்டிய அட்டவணை தனியே உண்டு. கருவுற்ற பெண்டிரை இதனால் அளத்தல் கூடாது. தாதர் சந்தையில் மூட்டை சுமப்பவரின் தசையையும், நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் என் போன்ற எழுத்தரின் தொந்தியையும் இவ்வெண் ஒன்றாகவே எண்ணிவிடும். இதனை மட்டும் கொண்டு பருமனை நோயென்று முடிவுகட்டலாகாது என 2025இல் லான்செட் குழு ஒன்றும் கூறிவிட்டது.

அங்ஙனமாயின் எதை நம்புவது? தையற்காரரின் நாடாவை நம்பலாம். இந்திய ஆடவர்க்கு இடைச்சுற்று 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிர்க்கு 80க்கும் உட்பட்டிருத்தல் நலம். உயரத்தில் பாதிக்குள் இடை அடங்க வேண்டும் என்பது இன்னுமோர் எளிய கணக்கு. நம் உடையே இங்கு நமக்குப் பகை. வேட்டி எந்த வயிற்றையும் மன்னிக்கும். சேலையோ சொல்லவே வேண்டாம். கால்சட்டைக் கொக்கி ஒன்றுதான் உண்மை பேசுகிறது. அதையும் நாம் தொந்திக்குக் கீழே இறக்கிவிடுகிறோம்.

மாட்டுங்காவில் வாழ்ந்துகொண்டு இட்டிலியையும் சாம்பாரையும் துறக்கச் சொல்ல நான் முனிவனல்லன். சோறு ஒரு கரண்டி குறைந்து, பருப்பும் காயும் ஒரு கரண்டி கூடினால் போதும். மாலையில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி விரைந்து நடக்கலாம். எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி உண்ணும் நம் இல்லத்தரசிகளின் வழக்கத்தை யார் மாற்றுவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கொஞ்சமாக வடித்தால் ஒருவேளை மாறலாம்.

அளக்கும் முறையையும் கூறிவிடுகிறேன். நேராக நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, தோலின்மீது நாடாவைச் சுற்றுக. மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் பார்க்க. வயிற்றை எக்குதல் கூடாது. சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டில் அனைவரையும் இவ்வாறு அளந்தோம். தந்தையாருக்கு இப்போது 76 வயது. எடை அதே 60. இடை 92 சென்டிமீட்டர். நாடாவை இருமுறை வாங்கிப் பார்த்த அவர், என் மகனை அருகழைத்து, "இனி இவனுக்கு ஆண்டுதோறும் இதனால் அள" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடைக்குக் கிளம்பினார்.