பலாலியிலிருந்து இரத்மலானைக்கு

பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையிலுள்ள தூரம் யாது? தேசப்படத்தின் மீது அளவுகோலை வைத்தால் விடை கிடைத்துவிடும். நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர்; பழைய கணக்கில் 205 மைல். மணிக்கு 450 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் சிறு விமானமொன்று அதனை முக்கால் மணிநேரத்திற் கடக்கும். ஏறவும் இறங்கவும் செல்லும் நேரத்தைக் கூட்டினால் ஒரு மணிநேரம் எனலாம்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இக்கணக்கு மனப்பாடம். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்ற செய்தியை அவர் சொல்லாத வகுப்பில்லை. பலாலிக்கு இரத்மலானையைவிடத் திருச்சிராப்பள்ளியே அண்மையது, ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான் என்பார். மாணவர் நூல் பிடித்து அளந்த பின்னரே நம்புவர். (திருச்சிக்கு விமானசேவை தொடங்கிய 2025 மார்ச்சில் அவர் உயிரோடில்லை.)

2006 ஓகஸ்ற்றில் ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்தேவி 1990 முதலே யாழ்ப்பாணத்துக்கு வருவதில்லை. வானும் கடலுமே எஞ்சின. அடுத்த ஆண்டில், வெள்ளவத்தையில் மகளோடு வாழ்ந்த தமக்கையார் நோயுற்றுக் கிடக்கும் செய்தி ஆசிரியரை எட்டியது. அன்றே பயண அனுமதிக்கு விண்ணப்பித்தார். பன்னிரண்டாம் நாள் தமக்கையார் காலமானார். அனுமதி கிடைத்தது இருபத்தாறாம் நாள். ஆசனத்துக்காக மேலும் எட்டு நாட்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

புறப்படும் நாளன்று விடியுமுன் ஐந்து மணிக்கு வீட்டை விட்டிறங்கினார். பொதிகள் அவிழ்க்கப்பட்டன, கட்டப்பட்டன, மீண்டும் அவிழ்க்கப்பட்டன. உயர்பாதுகாப்பு வலயத்தினுள் பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்பட்டோர் நண்பகல் கடந்தும் காத்திருந்தனர். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு விமானம் எழுந்தது. பழக்கதோஷம் போலும், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். வன்னிப் பெருநிலப்பரப்பைத் தவிர்த்துக் கடலின் மேலாகச் சென்றதால் நேர்கோட்டுக் கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி இதே பயணத்துக்கெனப் பலாலியிற் புறப்பட்ட விமானமொன்று 55 பேருடன் மன்னாருக்கப்பால் கடலில் வீழ்ந்ததை அறியாதவர் அவ்விமானத்தில் எவருமிலர். பக்கத்து ஆசனத்து அம்மையார் கண்களை மூடியபடி தேவாரத்தை முணுமுணுத்தவாறிருந்தார். ஆசிரியரோ கீழே நீலத்தைத் தவிர வேறெதையும் காணவில்லை.

நாலு மணி இருபதுக்கு இரத்மலானை. அங்கும் பதிவுகள், வினாக்கள். வெள்ளவத்தை ஆறேழு கிலோமீற்றர் தூரந்தான்; வீட்டு வாயிலை மிதித்தபோது இரவு எட்டு மணி.

"மாமா, எட்டுச்செலவு முடிஞ்சு ரெண்டு கிழமையாச்சு" என்றாள் மருமகள். அவர் தலையசைத்தார். வரும்போது விளாட் மாம்பழங்கள் சிலவற்றைத் தமக்கைக்கென எடுத்து வந்திருந்தார். கொண்டுவருவதில் என்ன பொருள் என்று வீட்டில் எவரும் கேட்டிலர். சோதனையின்போது இரண்டு நசுங்கியிருந்தன. எஞ்சியவை படத்தின் முன் வைக்கப்பட்டன.

அந்திரட்டிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. திரும்பிச் செல்வதற்கும் அனுமதி வேண்டுமாகையால், மறுநாட் காலையிலேயே அதற்கான படிவத்தை அவர் நிரப்பத் தொடங்கினார்.