ஒரு முழம் நீல ஒயர்

இந்த முறை ஒரு பிளக் ஒயரைப் பற்றி எழுதுகிறோம். சிரிப்பு வரலாம். முதலில் நாங்களும் சிரித்தோம்.

கருங்குழியில் எங்கள் மாலை வகுப்பில் படித்த தம்பி ஒருவன், ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய புல்லட் வாங்கினான். வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி. மழை பிடித்தால் மதுராந்தகம் ஏரியைத் தாண்டுவதற்குள் திக்கித் திக்கி நின்றுவிடும். மெக்கானிக் அண்ணன் ஒரு ராத்திரி ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயர் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காட்டினார். வெடிப்பு விட்ட ரப்பரிலிருந்து பக்கத்து இரும்புக்குச் சின்னச் சின்னப் பொறி தாவியது. காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது பல ஆயிரம் வோல்ட். மேலுறை கெட்டால் பொறி சிலிண்டருக்குள் விழாமல் வெளியே ஓடிவிடும். ஒயரை மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அழகாக மாற்றுவோமே என்றான் தம்பி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு அவனோடு நாங்களும் போனோம். கடைக்காரர் மூன்று வகையை எடுத்துப் போட்டார்: சிவப்பு சிலிக்கான், நீல சிலிக்கான், மேலே மஞ்சளும் கறுப்புமாக நூல் பின்னிய பழைய காலத்து ஒயர். நூல் பின்னல் பார்க்க அம்சமாக இருந்தது, ஆனால் சேறும் எண்ணெயும் ஊறிவிடும். சிலிக்கான் சூட்டைத் தாங்கும், துடைத்தால் போய்விடும். கலர் ஒயர் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். நல்ல ஒயர் பொறியைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். மெக்கானிக் சொல்லி அனுப்பியது இரண்டு: பிளக் முனையில் இருக்கும் சப்ரஸர் கேப்பை அழகுக்காகக் கழற்றக் கூடாது, சைலன்சர் வளைவில் ஒயர் உரசக் கூடாது.

தம்பி நீலத்தை எடுத்தான். நீலம் ஏன் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"கறுப்பே போட்டுக்கோயேன்டா" என்று சொன்னது நாங்கள்தான்.

சமூகவியல் முதுகலை படித்தவர்கள் நாங்கள். 1899-இல் வெப்லன் எழுதியதைப் படித்து, பகட்டு நுகர்வு என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறோம். காசை ஒயரில் போடுவதற்குப் புத்தகத்தில் போடலாமே என்று அவனிடம் ஆரம்பித்தோம். அது சாக்கு. உள்ளே இருந்தது மேலப்பிடாவூர்.

2025 பிப்ரவரி 12. சிவகங்கை மாவட்டம் மானாமதுரை பக்கத்து மேலப்பிடாவூரில், கல்லூரி முடிந்து புல்லட்டில் வீடு திரும்பிய தலித் மாணவரை அதே ஊர் ஆதிக்க சாதி இளைஞர்கள் கையில் வெட்டினார்கள். நம்மைப் போல் புல்லட் ஓட்டலாமா என்று கேட்டே வெட்டியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். தம்பியின் அம்மா அந்தச் செய்தியை செல்போனில் எத்தனை முறை பார்த்தாரோ தெரியாது. வண்டி வாங்கிய நாளிலிருந்து, "மெதுவா போ"வோடு "ஊர்த்தெரு பக்கம் போவாதே"வும் சேர்ந்துகொண்டது.

அதே சீமையின் பழைய கணக்கு ஒன்று உண்டு. சிவகங்கை அன்று ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, காலில் செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் தன் சாதி நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த எட்டையும் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அநேகமாக எல்லாம் உடம்பில் தெரிவதைப் பற்றியவை. பூ எத்தனை முழம், ஒயர் எத்தனை முழம் என்றெல்லாம் சாதி அளந்து பார்ப்பதில்லை, கண்ணுக்குப் பட்டாலே போதும். 95 வருடம் கழித்து, பேட்டர்ஸ் சாலைக் கடையில் நின்றுகொண்டு, ஒன்பதாவது தடையை நாங்கள் போட்டோம். யாரும் கேட்காமலே, அன்பின் பேரில்.

தம்பி கோபப்படவில்லை. "அண்ணா, செட்ஏ, பி. நீங்கதானே நடத்துனீங்க" என்றான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(செட்ஏ)(பி): பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புதுத்துணியோ அணிவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம். மாணவத் தோழர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது கை கொடுக்கும். தெருவில் நடக்கும் உரிமைக்கே 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் இதே மதுராந்தகம் வட்டாரம்தான். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டது நாங்கள். வகுப்பில் தைரியமாக இருந்துவிட்டு, கடை வாசலில் கறுப்பு வாங்கச் சொன்னதும் நாங்கள்.

பயப்பட்ட அம்மாவைக் குறை சொல்ல மாட்டோம். வெட்டு விழுந்த பிறகு சட்டம் வரும், கை வராது. ஆனால் அவர் பயத்துக்கும் எங்கள் பயத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் பயத்தைப் பயம் என்றே சொன்னார், நாங்கள் அதற்கு வெப்லனைத் துணைக்குக் கூப்பிட்டோம்.

நீலமே வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அளவு பார்த்து வெட்டி மாட்டினார். டேங்குக்குக் கீழே, கறுத்த எஞ்சினுக்கு மேலே ஒரு முழம் நீலம். குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. "இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்று அம்மாவே கேட்டார், கேட்டுக்கொண்டே முந்தானையால் டேங்கைத் துடைத்தார்.

தம்பி பைபாஸ் பக்கம் திருப்பவில்லை, ஊர்த்தெரு வழியாகப் போனான். நாங்கள் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, புல்லட் சத்தம் எந்தத் தெருவில் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு ரயில் போனதில் சத்தம் தவறிவிட்டது. இரண்டாவது டீ சொன்னோம். அது ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். "வண்டி திக்கலண்ணா" என்றான். தெருவைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.