மின்னலுக்கு ஒரு வீடு வேணும்!

ஆடி மாசம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தள்ளுபடி, கூழ், மைக்செட் அம்மன் பாட்டு? ஈரோடு பக்கத்துப் பசங்களைக் கேட்டுப் பாருங்க... 'அந்தியூர் குதிரைச் சந்தை'னு கண்ணை விரிப்பாங்க!

ஈரோட்டுல பஸ் ஏறி, பவானி தாண்டிப் போனா அந்தியூர். பக்கத்துலயே புதுப்பாளையம் குருநாதசாமி கோயில். ஆடித் திருவிழாவையொட்டி இங்கே கூடுது சந்தை. திப்பு சுல்தானே தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார்னு ஊர்ப் பெருசுங்க பெருமையா சொல்றாங்க. பர்கூர் மலை மாடு, காங்கேயம் காளை, ஆடுன்னு எல்லாம் உண்டு. ஆனா, ஹீரோ குதிரைதான்! காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு, நுனியும் நுனியும் தொட்டுக்குதா? அது ராஜஸ்தான் மார்வாரி. உடம்பு பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் கலரா? அது நொக்ரா. மேளத்துக்குக் கால் தூக்கி ஆடுற நாட்டியக் குதிரையைச் சுத்தி எப்பவும் செம கூட்டம்!

நாங்க போனது வேடிக்கை பார்க்க இல்லீங்க... விற்க!

காலேஜ் சீனியர் அண்ணனோட பெண் குதிரை மின்னல். வயசு 9. அண்ணனே பார்த்துப் பார்த்துப் பழக்கினது. கடிவாளத்தை இழுக்கவே வேண்டாம். மேல உட்கார்ந்திருக்கிறவர் முதுகை லேசா நிமிர்த்தினா நிற்கும், காலால மெதுவா அழுத்தினா நகரும். அண்ணனுக்கு வெளியூர்ல வேலை. அப்பாவுக்கோ மூட்டு வலி. தினமும் சவாரி போன குதிரையை லாயத்துல கட்டியே வைக்கவும் மனசில்லை.

குதிரைங்க 25, 30 வருஷம்கூட வாழும். அப்படிப் பார்த்தா மின்னலுக்குப் பாதிக்கு மேல ஆயுசு பாக்கி. அதை யார் வீட்டுல கழிக்கப் போகுது? விலையைவிட அதுதான் அண்ணனோட கவலை.

முதல்ல வந்தவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். குதிரைக்கு 5 வயசுல முன்பற்கள் முளைச்சு முடிஞ்சிடும். அப்புறம் தேய்மானத்தை வச்சுத்தான் வயசுக் கணக்கு. பல் ஓகே. அடுத்து நெத்தியைத் தடவினார். "ரெட்டைச் சுழி இருக்குதுங் தம்பி, வூட்டுக்கு ஆகாது" - கிளம்பிட்டார். எட்டு வருஷப் பழக்கம், ஒரு மயிர்ச் சுழியில போச்சு!

ரெண்டாவது ஆள் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுறவர். துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள அண்ணன் விரலைப் பிடிச்சு ஒரு விலை சொன்னார். கேட்டதைவிட அதிகம்! "வெடிச் சத்தத்துல நிக்குமாங்?"னு அவர் கேட்க, அண்ணன் சட்டுனு விரலை உருவிக்கிட்டார். "வேண்டாமுங்கண்ணா, இது மிரளும்." பொய் சொல்லியிருந்தா அன்னிக்கே வியாபாரம் முடிஞ்சிருக்கும். ஊர்வலத்துல மிரண்டா, மாப்பிள்ளை நிலைமை என்ன, குதிரை நிலைமை என்ன?

சாயங்காலம் நாலு பசங்க பைக்ல வந்தாங்க. ஏறின வேகத்துல கடிவாளத்தை வெடுக்குனு இழுத்தான் ஒருத்தன். மின்னல் தலையைத் தூக்கி வாயைப் பிளந்துச்சு. "தம்பி, இறங்கிக்கோங்க"ன்னார் அண்ணன். நல்லாப் பழகின குதிரை யார் வந்து உட்கார்ந்தாலும் நல்லா ஓடும்னு நினைக்காதீங்க. சும்மா சும்மா இழுத்தா வாய் மரத்துப் போகும். வருஷக்கணக்குல கத்துக்கிட்டதை சில மாசத்துல மறக்கடிச்சிடலாம்!

மறுநாள் விடியறதுக்குள்ள ஒருத்தர் வந்தார். பசங்களுக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கிறவராம். பல்லுக்குப் போகலை, நேரா காலுக்குப் போனார். முழங்கால்லேர்ந்து குளம்பு வரைக்கும் தடவி, சூடு, வீக்கம் இருக்கான்னு பார்த்தார். "முதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க தம்பி"ன்னார். நடை, ட்ராட், கேன்டர்... எல்லாம் பார்த்த பிறகுதான் தானே ஏறினார். மத்த குதிரைங்களை விட்டுத் தனியா வருதான்னு ஒரு சுத்து போனார். இறங்கினதும் கேட்டது விலை இல்லை. "கொள்ளு எவ்வளவு வைப்பீங்க? தவிடு? எத்தனை வேளை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். முடிவு பண்ணிட்டார்னு புரிஞ்சுது.

விலை, கல்யாண ஊர்வலக்காரர் சொன்னதைவிடக் குறைவுதான். ஒரே கண்டிஷன்: "எப்பவாவது விக்கிறதா இருந்தா முதல்ல எனக்குச் சொல்லணுமுங்க." அவரும் சரின்னார். பத்து நாள் தீவனத்தை மூட்டையா கட்டிக் கொடுத்தோம். திடீர்னு தீனி மாத்தினா குதிரைக்கு வயித்து வலி வந்துடும். அதால வாந்தி எடுக்கவும் முடியாது. சில சமயம் உயிருக்கே ஆபத்து!

மின்னல் தயங்காம வண்டியில ஏறிடுச்சு. அதையும் பழக்கினது அண்ணன்தான். பஸ்ல வரும்போது கையில பழைய கயிறைச் சுத்திக்கிட்டே வந்தார். பவானி வர்ற வரைக்கும் பேசலை. "திரும்பிக்கூடப் பார்க்கலைடா"ன்னு மட்டும் சொன்னார். நல்லாப் பழக்கினதுக்கு அதுதானே சர்டிஃபிகேட்?

அந்தியூர் போறீங்களா?

* தேதி வருஷா வருஷம் மாறும். விசாரிச்சுட்டு பஸ் ஏறுங்க.

* குதிரைக்கு நேர் பின்னாடி நிற்காதீங்க. அங்கே அதுக்குக் கண்ணு தெரியாது. பக்கவாட்டுல, குரல் கொடுத்துக்கிட்டே போங்க.

* வாங்குறதா இருந்தா 'கிளாண்டர்ஸ்' ரத்தப் பரிசோதனை சான்று கேளுங்க. அந்த நோய் மனுஷங்களுக்கும் தொத்தும்.

* விற்கிறதா இருந்தா... வாங்க வர்றவர் கையைப் பாருங்க, பர்ஸை அப்புறம் பார்க்கலாம்!