கார்டு யாருடையது?

காய்கறிக் கடையில் பேரம் பேசும் பெண்ணை வைத்து வந்த நகைச்சுவைத் துணுக்குகளுக்குக் கணக்கே கிடையாது. இரண்டு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்பவள், கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பவள் என்று வார இதழ்கள் காலங்காலமாக அவளைக் கிண்டல் செய்திருக்கின்றன. அதே வேலையை ஓர் ஆண் கம்பெனி சார்பில் செய்தால் அதற்கு ‘நெகோஷியேஷன்’ என்று பெயர். அதற்குச் சம்பளமும் உண்டு. திருச்சி காந்தி மார்க்கெட்டில் என் அம்மா பேரம் பேசத் தொடங்கினால் அப்பா பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். மானம் போகிறதாம். அங்கே அம்மா மிச்சம் பிடித்த காசில்தான் எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூட நோட்டு வாங்கப்பட்டது என்பதை அவர் ஒருநாளும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

வெளிநாட்டு விமான டிக்கெட்டிலும் பேரத்துக்கு இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சில விமான நிறுவனங்களும் டிக்கெட் விற்கும் இணைய நிறுவனங்களும் ‘பிரைஸ் மேட்ச் கேரன்டி’ என்று ஒன்றை வைத்திருக்கின்றன. எங்களிடம் டிக்கெட் எடுத்த பிறகு, அதே பயணத்துக்கு இன்னோர் இடத்தில் குறைந்த விலை இருப்பதைக் காட்டினால், வித்தியாசத்தைத் தருகிறோம் என்பது அதன் சாரம். சிலர் பணமாகத் திருப்பித் தருவார்கள். சிலர் அடுத்த பயணத்துக்கான வவுச்சராகத் தருவார்கள். “பக்கத்துக் கடையில முப்பது ரூபாதானேப்பா?” என்று அம்மா கேட்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. இங்கே அதை எழுத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரியவந்தது அக்காவின் பிரசவத்தின்போது. அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள். முதல் குழந்தை. அம்மா போயாக வேண்டும். அறுபத்தொரு வயதில் அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஆனால் எந்தத் தேதியில் போவது என்பதில் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி, அக்காவின் அலுவலக விடுப்பு, அத்தானின் அம்மா கிளம்பும் நாள், அப்பாவின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, என் கல்லூரியின் தேர்வு அட்டவணை எல்லாம் சேர்ந்து அவளுடைய தேதியை முடிவு செய்தன. தேதியை நகர்த்த முடிந்தவர்களுக்குத்தான் மலிவான டிக்கெட் கிடைக்கும். பேறுகாலம் பார்க்கப் போகிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை. மிச்சம் இருந்தது பேரம் மட்டும்தான்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் என்று எங்காவது இறங்கி ஏற வேண்டும். தனியாகப் போகிற, ஆங்கிலம் பழகாத அம்மாவுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் விமானம் மாறுவதாக இருக்க வேண்டும், இடைவெளி மூன்று மணி நேரமாவது வேண்டும், சக்கர நாற்காலி உதவி வேண்டும். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒன்பது இரவுகள் தேடினேன். வகுப்பு முடித்து, வீட்டு வேலை முடித்து, பத்து மணிக்கு மேல்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன். கடைசியில் ஒரு விமான நிறுவனத்தின் தளத்திலேயே அப்பாவின் கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்தோம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கிரெடிட் கார்டு அதுதான். பெரிய செலவென்றால் அந்தக் கார்டு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

டிக்கெட் எடுத்த இரவே வேறொரு தளத்தில் அதே பயணம் ஆறாயிரத்துச் சொச்சம் குறைவாக இருந்தது. உத்தரவாதத்தின் நிபந்தனைகளை எடுத்துப் படித்தேன். படித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, ‘அதே’ என்ற சொல்லுக்குள் எத்தனை பூட்டு இருக்கிறது என்று. அதே விமான எண், அதே தேதி, அதே வகுப்பு மட்டும் போதாது. எகானமி என்று நாம் சொல்லும் ஒரே வரிசை இருக்கைகளையே நிறுவனங்கள் பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கொடுத்திருக்கின்றன. அந்த எழுத்தும் பொருந்த வேண்டும். பெட்டியின் எண்ணிக்கை, ரத்துக் கட்டணம், தேதி மாற்றும் வசதி, விலை சொல்லப்படும் நாணயம் எல்லாம் பொருந்த வேண்டும். வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்த முழுத்தொகையைத்தான் ஒப்பிடுவார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் தரும் விலை செல்லாது. 24 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாலும், அவர்கள் பார்க்கும் நேரத்தில் அந்த விலை அங்கே இருந்தால்தான் ஏற்பார்கள்.

முதல் முறை மறுத்துவிட்டார்கள். நான் காட்டிய விலையில் ஒரு பெட்டிக்குத்தான் அனுமதி. அம்மாவின் டிக்கெட்டில் இரண்டு. பிரசவம் பார்க்கப் போகிறவளின் பெட்டி என்றால் சும்மாவா? சுக்கு, திப்பிலி, பூண்டு லேகியம், பருப்புப்பொடி, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் என்று இரண்டு பெட்டியும் நிரம்பியிருந்தன. மறுபடி தேடினேன். இரண்டு பெட்டியோடு, அதே எழுத்தோடு, 4,150 ரூபாய் குறைவாக ஒன்று கிடைத்தது. இந்த முறை தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே தோசை ஊற்றி அப்பாவுக்குக் கொடுத்தேன்.

மறுமுனையில் பேசிய பெண் நான் சொன்னதையெல்லாம் சரிபார்த்தாள். பொருந்துகிறது என்றாள். பிறகு கேட்டாள்: “கார்டு யாருடையது மேடம்?” அப்பாவுடையது என்றேன். அவர்தான் உறுதி செய்ய வேண்டுமாம். தொலைக்காட்சி முன்னால் இருந்த அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் தன் பெயரைச் சொன்னார். “ஆமாம்” என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான். இரண்டு நாளில் வவுச்சர் வந்தது. அப்பாவின் மின்னஞ்சலுக்கு, அப்பாவின் பெயரில், ஓராண்டுக்குள் அவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையுடன்.

தேடியவள் நான். பறந்தவள் அம்மா. பலன் அப்பாவுக்கு. ஓராண்டு கழித்து அந்த வவுச்சர் காலாவதியானது. அப்பாவுக்குப் பறந்து போக வேண்டிய இடம் எதுவும் இருக்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் அந்த வவுச்சரை அம்மாவுக்கே எழுதிக் கொடுத்திருப்பார். எழுதிக் கொடுக்க அந்த நிறுவனத்தின் விதியில் இடமில்லை என்பதுதான் விஷயம். வீட்டுக்குள் ‘நம்ம பணம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். வாசலைத் தாண்டியதும் பணத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

இந்தப் பெயர் சமாச்சாரம் பெண்களுக்குப் புதிதல்ல. நாம் பெரிதாக நினைக்கும் அமெரிக்காவிலேயே, பாலினத்தையோ திருமணமானவளா என்பதையோ காரணம் காட்டிக் கடன் வசதி மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1974இல்தான். அதுவரை, சம்பாதிக்கிற பெண்ணிடமும் கணவரின் கையெழுத்தைக் கேட்ட வங்கிகள் அங்கே இருந்தன. நம் நாட்டில் 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் தளர்ந்தன. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, பாதுகாவலர் இவர்களில் ஒருவரின் பெயர் போதும், திருமணச் சான்றிதழ் வேண்டாம், விவாகரத்தான பெண் முன்னாள் கணவரின் பெயரை எழுத வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. பாஸ்போர்ட் ஒருவழியாக நம் பெயருக்கு வந்துவிட்டது. கார்டு இன்னும் பல வீடுகளில் வரவில்லை. மனைவிக்கு என்று வாங்கித் தரும் ‘ஆட்-ஆன்’ கார்டில் அவள் பெயர் அச்சாகியிருக்கும். கணக்கு கணவருடையதுதான். எதை எங்கே வாங்கினாள் என்ற பட்டியல் மாதாமாதம் அவருக்குத்தான் போகும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வணிகவியல் வகுப்பில் மாணவிகளுக்கு இந்த உத்தரவாதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கேள்வி கேட்பேன்: விலையைக் குறைத்தே விற்றுவிடலாமே, எதற்கு இந்தச் சுற்று? 1986இல் ஸ்டீவன் சாலப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதற்கு எழுதிய விளக்கம் யோசிக்க வைக்கும். போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்தால் நாங்களும் அதே விலைக்குத் தருவோம் என்று ஒருவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், குறைத்து ஆளைப் பிடிக்கலாம் என்ற ஆசை போட்டிக்காரருக்கும் போய்விடும். வாடிக்கையாளருக்கான வாக்குறுதி போலத் தெரிவது, எல்லாரும் விலையை உயரத்திலேயே வைத்துக்கொள்ளவும் உதவலாம். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் குறைத்துக் கொடுத்துவிட்டு, கேட்காதவரிடம் முழு விலையையும் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தக் குறைந்த விலைக்கு நாம் கொடுப்பது எதை? நேரத்தை. 2024ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். டிக்கெட் விலையைத் தேடும் ஒன்பது இரவுகளை யாரும் வீட்டு வேலை என்று நினைப்பதில்லை. உட்கார்ந்துகொண்டு செய்வதால் அது பொழுதுபோக்காகத் தெரிகிறது. ஆனால் குடும்பத்துக்காக விலை விசாரிப்பது, படிவம் நிரப்புவது, காத்திருப்பு இசை கேட்பது எல்லாம் வேலைதான். அதில் வரும் மிச்சம் செய்தவளின் பெயருக்கு வராவிட்டால், அதுவும் சம்பளமில்லாத வேலைதான்.

இதைப் புலம்பலாகச் சொல்லி நிறுத்த என் அம்மா விடவில்லை. ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பியவளிடம் வவுச்சர் கதையைச் சொன்னேன். “எம் பேர்ல ஒரு கார்டு வாங்க என்ன வேணும்?” என்று கேட்டாள். சம்பளம் இல்லாதவருக்கு எந்த வங்கியும் தராது என்றார் அப்பா. அது சரியல்ல. வங்கியில் நிரந்தர வைப்புத் தொகை வைத்திருந்தால் அதைப் பிணையாக வைத்துக் கார்டு தரும் வங்கிகள் பல இருக்கின்றன. சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள். அம்மா அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சலகக் கணக்கிலும் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணம் நாற்பதாயிரத்தை வைப்பில் போட்டாள். அவள் பெயரில் கார்டு வந்தது. அதற்கு முன்பே தனக்கென்று ஒரு மின்னஞ்சலும் ஓடிபி வருவதற்குத் தனி போன் எண்ணும் வாங்கிக்கொண்டாள்.

போன வருடம் அம்மாவும் சித்தியும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தார்கள். யாருக்கும் பிரசவமில்லை, யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. சும்மா போனார்கள். தேதியை அவர்களே குறித்தார்கள். இரண்டு முறை தள்ளிப் போட்டு விலை இறங்கிய பிறகு எடுத்தார்கள். அவர்கள் எடுத்த மலிவு விமானத்தில் விலை உத்தரவாதமெல்லாம் இல்லை. தேவைப்படவும் இல்லை.

இதைப் படிக்கும் தோழிகளுக்கும் மாணவிகளுக்கும் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உத்தரவாதத்தின் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். வித்தியாசம் பணமாக வருமா வவுச்சராக வருமா, யார் பெயரில் வரும் என்று பாருங்கள். எடுத்த அன்றே இன்னும் இரண்டு இடத்தில் விலை பாருங்கள். பெட்டி, கட்டண எழுத்து, முழுத்தொகை மூன்றையும் குறித்துக்கொண்டு பிறகு அழையுங்கள். அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து கிளம்பும் பயணமென்றால் இன்னொரு வழியும் உண்டு. விமான நிறுவனத்திடம் நேரடியாக, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது பதிவு செய்தால், பணம் கட்டாமல் 24 மணி நேரம் அதே விலையில் நிறுத்தி வைக்கவோ, கட்டிய பிறகு 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, இரண்டில் ஒன்றை அவர்கள் அனுமதித்தாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உத்தரவாதத்தை மறுத்தால், குறைந்த விலையில் புது டிக்கெட்டை உறுதி செய்துகொண்டு பழையதை ரத்து செய்யலாம். ஒரு முறை மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான் இரண்டாவது முறை சரியாகக் கேட்க முடியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்க வேண்டியதில்லை. அவர்கள் எழுதி வைத்த வாக்குறுதியைத்தான் கேட்கிறோம். அம்மாவின் மொழியில் சொன்னால், “கேட்டா வாயா தேஞ்சுபோகும்?”

நாலாயிரம் ரூபாய்க்கா இத்தனை பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொகை சிறியதுதான். ஆனால் இந்தச் சின்னத் தொகைக்கு யார் பெயர் போடப்படுகிறதோ, அவர் பெயர்தான் நாளைக்கு வீட்டுக் கடனிலும் காப்பீட்டிலும் நிலப் பத்திரத்திலும் முதலில் வந்து நிற்கப் போகிறது. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது டிக்கெட் போட உட்காரும்போது, விலையைத் தேடுவதற்கு முன்னால் அம்மாவின் பெயரில் ஒரு கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.